ஐந்து பத்து வண்டி

இரண்டாயிரம் பேருக்கு வேலை என்றார் மேயர்.
நான் இருக்கைகளால் எண்ணுகிறவன்:
உட்கார்ந்தவர் நாற்பத்தொன்பது, நிற்பவர் முப்பது.
போன மார்ச் வரை
ஐந்து பத்து வண்டி என்று ஒன்று கிடையாது.
ஏழு மணி வண்டியில்கூட
ஆஸ்பத்திரிக்குப் போகும் மூவர்,
ஓர் இசை ஆசிரியை, பக்கத்து இருக்கையில் அவளுடைய செல்லோ.

வாஹ் நதிக்கு இப்பால், சர்க்கரைக் கிழங்கு விளைந்த மண்ணில்
ஜன்னலே இல்லாத சாம்பல் நிறக் கட்டடம்.
ஒரு முனையில் மழை பெய்தால்
மறுமுனையில் வெயிலடிக்குமாம்.
மிகைதான்.
ஆனாலும் அதைச் சுற்றிவர
இரண்டாம் கியரில் ஆறு நிமிடம் ஆகிறது எனக்கு.

உள்ளே எதையும் உண்டாக்குவதில்லை.
மனம் மாறியவர்கள் திருப்பி அனுப்புவதை
வாங்கிப் பிரிக்கிறார்கள்.
வியன்னாவில் ஒருத்திக்குச் சிவப்பு சலிக்க வேண்டும்,
ஹாம்பர்க்கில் ஒருவனுக்கு இடுப்பு பெருக்க வேண்டும்,
அப்போதுதான் இங்கே அடுப்பெரியும்.

ஜானெட்டா தண்டவாளத்துக்கு அந்தப்பக்கத்துக்காரி.
அவள் குடும்பப் பெயரைக் கேட்டதும்
'இடம் நிரம்பிவிட்டதே' என்று சொல்லப் பழகிய ஊர் இது.
கிடங்கின் கதவு பெயர் கேட்பதில்லை,
அட்டையைக் காட்டினால் திறக்கிறது.
முதல் வாரம் முழுக்க
அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே
ரொட்டிக் கடைக்கும் போய்வந்தாள்.

மிலுடின் செர்பியாவிலிருந்து வந்தவன்.
விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர்.
ஏறியதும் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துவிடுவான்.
அந்த எண்ணெய் வட்டத்தை
ஞாயிறுதோறும் நான்தான் துடைக்கிறேன்.
'நம் பிள்ளைகளுக்கு வேலை' என்று
வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினோமே,
அந்தப் பிள்ளைகள் ஆஸ்திரியாவில்
குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள்.
என் மகனும்தான்.

என் மனைவி ஸ்லாத்திட்சாவுக்கு
இருநூற்றுப் பன்னிரண்டாம் மேசை.
வெட்டு, விரி, முகர்ந்து பார், தரம் குத்து.
ஓர் உருப்படிக்கு ஐம்பது வினாடி.
காரணச் சீட்டை வாசிக்க நேரம் தரவில்லை,
வாசிக்கிறாள்.
சிறியது. பெரியது. படத்தில் வேறு நிறம்.
'என் கணவருக்குக் காட்டவே இல்லை.'

நவம்பரில் ஒரு கருநீல கோட் சூட் வந்தது.
காரணம்: நேர்முகத்தில் எடுக்கவில்லை.
பையில் நான்காய் மடித்த தாள்,
ஜெர்மனில், பென்சிலில்.
உங்கள் பலவீனம் என்ன?
'எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்துவிடுகிறேன்.'
அதை அடித்துவிட்டு,
'எதையும் சீக்கிரம் விட்டுவிடுவதில்லை.'
அதையும் அடித்திருந்தான்.

நூற்றுப் பத்து வினாடி, ஒரு சூட்டுக்கு.
திரை மஞ்சளாகி அவளை எச்சரித்தது.
மடிப்புக் கலையவில்லை, கறை இல்லை, வாடை இல்லை.
ஏ தரம். புதியது போலவே.
தாளைக் குப்பையில் போட வேண்டும், அதுதான் விதி.
போட்டாளா என்று நான் கேட்கவில்லை.
குளிர்சாதனப் பெட்டியின்மேல்
மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில்
மடித்த தாள் ஒன்று இருக்கிறது.

என் கதை இவ்வளவு கனமில்லை.
திறப்பு விழாவுக்கென்று பழுப்பு ஷூ ஒரு ஜோடி வாங்கினேன்,
அவர்களிடமேதான்.
கடித்தது.
மேயர் ரிப்பன் வெட்டும்வரை
ஒற்றைக் காலில் நின்றேன்,
மறுநாள் திருப்பி அனுப்பினேன்.
அது அத்தனை மேசைகளையும் விட்டுவிட்டு
இருநூற்றுப் பன்னிரண்டுக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு இருபதுக்கு ஷிப்ட் முடிந்து
என் இருக்கைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.
பதினான்கு நாட்டு அலமாரிகளின் வாடை அவள் ஸ்வெட்டரில்.
'உன் ஷூவுக்கு சி போட்டேன்.'
ஒரே ஒரு நாள்தானே போட்டேன் என்றேன்.
'குதிகாலில் ரத்தம், தாலிபோர்.'
பின்னால் யாரோ மணியை அடித்தார்கள்.
பாலத்துக்கு முந்தைய நிறுத்தம்.
கதவைத் திறந்தேன்,
முப்பதில் நான்கு பேர் இறங்கினார்கள்.